சிவப்பன் போனால்

என் அண்ணன் ஹார்லன் அதிகம் பேசமாட்டான். பேசிவிட்டால் அந்த வார்த்தையில் நிற்பான், அது எவ்வளவு முட்டாள்தனமான வார்த்தையாக இருந்தாலும். அந்த வருஷம் செப்டம்பரில் டாக்டர் முன்னால், தங்கை நானும் பக்கத்தில் இருக்க, அவன் சொன்னது அந்த ரகம்தான்.

டாக்டர் சின்னப் பெண். பயமுறுத்தாமல் சொல்லிவிட வேண்டும் என்று பார்த்தாள், முடியவில்லை.

"போன குளிர்காலத்துல கரண்ட் போனப்ப என்ன ஆச்சுன்னு ஞாபகம் இருக்குல்ல, மிஸ்டர் டீக்? இன்னொரு தடவை அப்படி ஆனா ஆம்புலன்ஸ் உங்க மலை ஏறி வர்றதுக்குள்ள எல்லாம் முடிஞ்சிரும். தெக்க, குளிர் இல்லாத ஜார்ஜியாவுல பொண்ணு இருக்காங்கன்னு சொன்னீங்க. பனி விழறதுக்கு முன்னாடி அங்க போயிடுங்க. வசந்தம் வந்ததும் திரும்பி வாங்க."

சுரங்கத்தில் வாழ்நாள் பூராவும் கரித்தூள் தின்ற நுரையீரல் அவனுடையது. மூக்கில் குழாய், காலடியில் ஆக்சிஜன் மிஷின். மிஷின் ஓடக் கரண்ட் வேண்டும். எங்கள் தெற்கு ஓஹையோ மலைப்பக்கத்தில் மழை விழுந்த இடத்திலேயே உறைந்து ஐஸாகிவிட்டால், கிளைகளெல்லாம் முறிந்து கம்பி மேல் விழும். அப்புறம் ஒரு வாரத்துக்குக்கூடக் கரண்ட் வராது. போன பிப்ரவரியில் அப்படித்தான் ஆனது. நான் அப்போது சாலையில் ஐஸ் உருக உப்புத் தூவும் லாரி ஓட்டிக்கொண்டிருந்தேன். அந்த லாரியில்தான் அவனைத் தூக்கிப் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனேன். வழி முழுக்க அவன் மனைவி ஓப்பல் அவன் கன்னத்தைத் தட்டித் தட்டி எழுப்பிக்கொண்டே வந்தாள்.

"போறேன்," என்றான் ஹார்லன்.

ஓப்பல் சட்டென்று நிமிர்ந்தாள்.

"நீலக்குருவிங்க முதல்ல போகட்டும். அதுங்க போற அன்னைக்கு நானும் போறேன்."

டாக்டருக்கு ஒன்றும் புரியவில்லை. எங்களுக்கு நன்றாகவே புரிந்தது. திரும்பி வரும் வழியில் ஓப்பல் காரை ஓட்டிக்கொண்டே பேசினாள்.

"அதுல பாதி போகவே போகாதுன்னு உனக்குத் தெரியும், ஹார்லன்."

"எல்லாமே கிளம்பிட்ட வருஷமும் உண்டு."

"எத்தனை வருஷத்துல ஒரு தடவை?"

"ஒரு தடவை போச்சுல்ல?" என்று சொல்லிவிட்டு அவன் கண்ணை மூடிக்கொண்டான்.

சுரங்கம் மூடியதிலிருந்து அவனுக்கு இந்தக் குருவிகள்தான் வேலை. வேலியோரமாகக் கம்பம் நட்டு, கம்பத்துக்கு ஒரு மரப்பெட்டி, பெட்டிக்கு ஒரு வட்ட ஓட்டை. கூடு கட்டிக் குஞ்சு பொரித்ததும் பல்கலைக்கழகத்து ஆட்கள் வந்து குஞ்சுகளின் காலில் கலர் வளையம் மாட்டிவிட்டுப் போவார்கள். அதனால் எது எந்தப் பெட்டியில் பிறந்தது என்று பைனாகுலரில் பார்த்தே சொல்லிவிடுவான். இலை உதிர ஆரம்பித்தால் அதில் ஒரு பங்கு தெற்கே கிளம்பிவிடும், ஒரு பங்கு இங்கேயே தங்கிவிடும். பெட்டைகளும் இளசுகளும்தான் பெரும்பாலும் போகும். பெட்டி பிடித்து வைத்திருக்கும் ஆண்கள் இடத்தை விட மனசில்லாமல் காய் கனியைத் தின்றுகொண்டு பனியில் கிடக்கும். பிழைத்தால் வசந்தத்தில் நல்ல பெட்டி அதற்குத்தான், பிழைத்தால். ஆனால் சட்டம் எதுவும் கிடையாது. ஒரே பெட்டியில் ஒரே தாய் வயிற்றில் பிறந்த இரண்டு ஆணில் ஒன்று போகும், ஒன்று இருக்கும். எங்கள் வீட்டில் பிள்ளைகள் ஏழு பேர். நாலு பேர் டெட்ராய்ட் கார் கம்பெனிக்குப் போனார்கள், மூன்று பேர் இந்த மலையை விட்டு நகரவில்லை. ஏன் என்று கேட்டால் எங்களில் ஒருத்தருக்கும் பதில் தெரியாது. குருவிக்கு மட்டும் தெரிந்திருக்க வேண்டுமா என்ன?

அவன் ஜன்னலுக்கு நேராக முற்றத்தில் ஒரு பெட்டி உண்டு. அதில் இருந்த ஆணுக்கு இடது காலில் சிவப்பு வளையம். ஹார்லன் அதற்குச் சிவப்பன் என்று பேர் வைத்திருந்தான். சிவப்பன் இரண்டு குளிர்காலம் நகராமல் இருந்து பார்த்தவன். இந்த விவரமும் ஓப்பலுக்குத் தெரியும்.

எங்கள் வட்டாரத்தில் நீலக்குருவிச் சங்கம் ஒன்று இருக்கிறது. சர்ச் அடித்தளத்தில் கூடுவார்கள், ஆப்பிள் பை தின்பார்கள், குருவியைப் பற்றிச் சண்டை போடுவார்கள். ஹார்லனால் போக முடியாததால் அந்த மாசம் ஓப்பல் போனாள். ஆப்பிள் பையை வெட்டிக் கொடுத்துக்கொண்டே, இதுங்களை இங்கே பிடித்து வைப்பது எது என்று பேச்சுவாக்கில் கேட்டிருக்கிறாள். மருந்துக்கடை வைத்திருந்த மெர்வின் ஹோட்ஜ் பதில் சொல்லியிருக்கிறான்.

"தீனிதான், ஓப்பல். வேற என்ன? காய் இருக்கிற வரைக்கும் இருக்கும், காய் தீர்ந்தா மூட்டையைக் கட்டிரும். குளிருக்கு ஒடுங்க ஒரு பெட்டியும் இல்லைன்னா இன்னும் சீக்கிரம் கட்டும்."

மெர்வின் எதையும் குருவியிடமே நேரில் கேட்டுவிட்டு வந்தவன் மாதிரிதான் சொல்வான். இவள் அதை வேதவாக்காக எடுத்துக்கொண்டாள். நீலக்குருவிக்காரர்கள் எல்லோருக்கும் இந்த வியாதி உண்டு. கோடை முழுக்கப் புழு போட்டுப் பெட்டி துடைத்து வளர்த்துவிட்டு, அதுகள் நம் கையில் இருப்பதாக நினைத்துக்கொள்வார்கள்.

அக்டோபரில் ஒருநாள் மத்தியானம் என் வேலிப்பக்கம் போனபோது ஓப்பலைப் பார்த்தேன். கையில் வாளி. சுமாக் புதரிலிருந்து சிவப்புக் காய்க்கொத்துகளை ஒவ்வொன்றாக முறித்து வாளியில் போட்டுக்கொண்டிருந்தாள். அவளுக்குப் பின்னால் காட்டுத் திராட்சைக் கொடியெல்லாம் மொட்டையாகக் கிடந்தது. டாக்வுட் மரத்தடியில் ஏணி சாய்ந்திருந்தது. இந்த வயதில் ஏணி.

"என்ன, ஜாம் காய்ச்சப் போறியா?" என்றேன்.

"எரிக்கப் போறேன்."

"பைத்தியம் பிடிச்சிருச்சா உனக்கு?"

"உன் அண்ணன் சொன்னதை நீயும் கேட்டேல்ல? குருவி போனா போறேன்னாரு. போக வைக்கிறேன்." கொத்தை முறிப்பதை அவள் நிறுத்தவில்லை. "பெட்டியையும் அடைச்சுட்டேன், முற்றத்துப் பெட்டி தவிர. அதை ஜன்னல்லேருந்து பாத்துக்கிட்டே இருக்காரே."

எட்டிப் பார்த்தேன். வேலியோரப் பெட்டி ஒவ்வொன்றின் ஓட்டையிலும் சோளத்தட்டையை வெட்டி இறுக்கியிருந்தாள்.

இதில் ஒரு கொடுமை உண்டு. வருஷா வருஷம் இலையுதிர் காலத்தில் ஹார்லன் கம்பளித் துணியை நீள நீளமாக வெட்டி, பெட்டிகளின் காற்றுத் துளைகளை அடைப்பான். தங்குகிற குருவிகள் உள்ளே நெருக்கியடித்து ஒடுங்கும்போது சூடு வெளியே போகாது. அந்த வருஷம் அவனால் வாசற்படி தாண்ட முடியவில்லை. நாற்காலியில் உட்கார்ந்து, மூச்சு வாங்க வாங்கத் துணியை வெட்டி ஓப்பல் கையில் கொடுத்தான். அவள் வாங்கிக்கொண்டு போய்க் காய்களோடு சேர்த்து எரித்தாள். "எல்லாம் அடைச்சாச்சா?" என்று கேட்டான். அடைத்தாச்சு என்றாள்.

"கேவலமா இருக்கு, ஓப்பல்," என்றேன்.

"இருக்கட்டும். போன தடவை லாரியில அவர் உதடு என்ன கலர்ல இருந்துச்சுன்னு நீ திரும்பிப் பாக்கல. ரோட்டைப் பாத்து ஓட்டினே. நான் பாத்தேன்."

நான் போய் ஏணியைப் பிடித்துக்கொண்டேன்.

நவம்பரில் குருவிகள் குறைந்தன. காய் இல்லாததால் போனதா, போக வேண்டியது போனதா, கடவுளுக்குத்தான் வெளிச்சம். சிவப்பனின் பெட்டையும் போய்விட்டது. சிவப்பன் மட்டும் போகவில்லை. காலையில் கம்பியில் வந்து உட்காரும், வெறும் புல்லில் இறங்கி எதையோ தேடும், பொழுது சாயும்போது முற்றத்துப் பெட்டிக்குள் போய்விடும். நாளுக்கு நாள் இறகை உப்பவைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது.

"பாத்தியா பயலை," என்பான் ஹார்லன். "அவன் இருக்கிற வரைக்கும் நானும் இருக்கேன்."

ஜார்ஜியாவிலிருந்து மகள் ரோண்டா தினமும் போன் பண்ணினாள். "அப்பா, ரூம் ரெடி பண்ணிட்டேன். ஜன்னலோரமா நாற்காலி போட்டிருக்கேன்." அவன் குருவிக் கதையைச் சொல்லிவிட்டு வைத்துவிடுவான். ஒரு சாயங்காலம் காற்றடித்துக் கரண்ட் போனது. பத்து எண்ணுவதற்குள் வந்துவிட்டது. ஆனால் அந்தப் பத்துக்குள் ஓப்பல் சமையலறையிலிருந்து ஓடி வந்து, சில மணி நேரமே தாங்கும் ஆக்சிஜன் சிலிண்டரை அவன் குழாயில் மாட்டியிருந்தாள்.

மறுநாள் காலையில் என்னைக் கூப்பிட்டாள். மேஜை மேல் ஷூ டப்பா. மூடியில் துளை. உள்ளே ஏதோ அசைந்தது.

"நேத்துப் பொழுது சாய்ஞ்சதும் பெட்டிக்குள்ள போச்சு. ஓட்டையில பழைய சாக்ஸைத் திணிச்சுப் பிடிச்சுட்டேன். கார் எடு. கென்டக்கி வரைக்கும் போய் விட்டுட்டு வந்துருவோம்."

"இது சட்டப்படி குத்தம், தெரியுமா?"

"ஜெயிலுக்கு நான் போறேன். நீ காரை ஓட்டு."

ஹார்லனுக்குத் துணையாக மெர்வின் ஹோட்ஜை உட்கார வைத்துவிட்டுக் கிளம்பினோம். பல் டாக்டரிடம் போவதாகச் சொன்னோம். மாநில எல்லையான ஆற்றைத் தாண்டி, மேலும் மேலும் தெற்கே ஓட்டினேன். ஓப்பல் டப்பாவை மடியில் வைத்து இரண்டு கையாலும் பிடித்திருந்தாள். நடுவில் கோட்டுப் பைக்குள் கைவிட்டு, கைக்குட்டையைப் பிரித்து, ஒரு பிடி சுமாக் காயை மூடியைத் தூக்கி உள்ளே போட்டாள். எல்லாவற்றையும் எரித்தவள் அதை மட்டும் எப்போது எடுத்து வைத்தாளோ. எனக்கு அழுகை வந்துவிட்டது. ரேடியோவைச் சத்தமாக வைத்தேன்.

ஒரு பெட்ரோல் பங்குக்குப் பின்னால், சீடார் மரங்கள் காய்த்துத் தொங்கிய மேய்ச்சல் நிலத்தில் டப்பாவைத் திறந்தாள். சிவப்பன் வேலிக் கம்பத்தில் உட்கார்ந்து இறகை உதறியது. பிறகு எழும்பிப் பறந்தது. வடக்குப் பக்கமாகத்தான் பறந்தது. ஓப்பல் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டிருந்தாள். அதைச் சொல்லாமல் காரைக் கிளப்பினேன்.

வீட்டுக்கு வந்ததும் முற்றத்துப் பெட்டியையும் சோளத்தட்டையால் அடைத்தாள். எலி ஏறுகிறது என்று ஹார்லனிடம் காரணம் சொன்னாள். அவன் பைனாகுலரை எடுத்துக்கொண்டு ஜன்னலில் உட்கார்ந்தான். அன்று கம்பியில் ஒன்றும் இல்லை. மறுநாளும் இல்லை. அதற்கு மறுநாள் மதியம் வரை பார்த்துவிட்டுப் பைனாகுலரை உறையில் போட்டான்.

"போயிட்டான்," என்றான். "அவனே போறான்னா இந்த வருஷம் குளிர் பயங்கரமா இருக்கப் போகுது. ரோண்டாவைக் கூப்பிடு."

அவன் முகத்தில் கோபம் இல்லை. நிம்மதிகூட இருந்தது என்று சொல்வேன். இந்த மலையை விட்டுப் போவது தன் கோழைத்தனம் இல்லை, சிவப்பனே போய்விட்டான் என்ற நிம்மதி.

கிளம்பிய காலை தரையெல்லாம் வெள்ளையாக உறைந்திருந்தது. ஹார்லனை முன் சீட்டில் உட்கார வைத்து, சிலிண்டரைக் கால்களுக்கு இடையில் வைத்தோம். பின் சீட்டில் போர்வை மூட்டை கூரை வரைக்கும் இருந்தது, அவனுக்குத் திரும்பினாலும் பின்னால் ஒன்றும் தெரியாது. எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. ஓப்பல் வீட்டுச் சாவியை என் கையில் கொடுத்தாள். கொடுத்தவள் என் தோளுக்கு மேலே பார்த்தபடி அப்படியே நின்றுவிட்டாள்.

திரும்பினேன். முற்றத்துப் பெட்டியில், அடைத்த ஓட்டைக்குக் கீழே, சிவப்பன் நகத்தால் தொற்றிக்கொண்டிருந்தது. சோளத்தட்டையை ஒரு கொத்து கொத்தும், ஓயும், இன்னொரு கொத்து கொத்தும். அவ்வளவு தூரத்தையும் அந்தக் குளிரில், வெறும் வயிற்றோடு, இந்தப் பெட்டிக்காகப் பறந்து வந்திருக்கிறது. இடது காலில் வளையம் நன்றாகத் தெரிந்தது.

"என்ன அங்க?" என்று கேட்டான் ஹார்லன் காருக்குள்ளிருந்து.

"அடுப்பை அணைச்சேனான்னு பாத்துட்டு வந்துர்றேன்," என்றாள் ஓப்பல்.

அவள் நிதானமாக நடந்து போனாள். சிவப்பன் பறக்கவில்லை. அதற்குத் தெம்பு இல்லை, அல்லது கோடை முழுக்கப் புழு போட்ட கைதானே என்று இருந்ததோ என்னவோ. இரண்டு கையாலும் பொத்தி எடுத்தாள். கோழி திருகி வளர்ந்த கை அது, ஒரே திருகு. சத்தம்கூட வரவில்லை. அதைக் கோட்டுப் பைக்குள் போட்டுக்கொண்டு, நேராக வந்து, காரில் ஏறிக் கதவைச் சாத்தினாள். என் முகத்தைப் பார்க்கவே இல்லை.

"அணைச்சிருக்கா?" என்றான் ஹார்லன்.

"அணைச்சிருக்கு."

கார் இறங்கிப் போவதைப் பார்த்துக்கொண்டு சாவியோடு நின்றேன். ஊரில் யாருக்கும் இது தெரியாது. தெரிந்தால் சங்கத்துக்காரர்கள் அவளைக் கொலைகாரி என்பார்கள். சொல்லட்டுமே. லாரியில் என் அண்ணன் கன்னத்தைத் தட்டி எழுப்பியது மெர்வின் ஹோட்ஜ் இல்லை.

ஜனவரியில் ஐஸ் மழை அடித்தது. போன வருஷத்தைவிட மோசம். எங்கள் மலையில் ஒன்பது நாள் கரண்ட் இல்லை. நான் அடுப்புக்கு முன்னால் போர்வையைச் சுற்றிக்கொண்டு உட்கார்ந்து, அண்ணன் இங்கே இல்லை என்பதற்காகக் கடவுளுக்கும் ஓப்பலுக்கும் சேர்த்து நன்றி சொன்னேன். போன் வேலை செய்ததும் ஹார்லன் கூப்பிட்டான். குரல் தெளிவாக இருந்தது.

"இங்க குளிருக்கு வந்த நீலக்குருவி ஏகப்பட்டது இருக்கு, வில்டா. எல்லாம் வடக்கேயிருந்து வந்ததுங்க. சிவப்பனும் இதுல எங்கயோதான் இருக்கணும். விடிஞ்சதுலேருந்து கால் காலாப் பாத்துட்டிருக்கேன்."

"பாத்தது போதும், கொஞ்சம் படு," என்றேன்.

"இன்னைக்கு ஒண்ணு சிவப்பா தெரிஞ்சுது. அது வெறும் செம்மண் சேறு."

வசந்தம் வந்தது. பெட்டிகளைத் திறந்துவிட்டேன். குருவிகள் திரும்பின. பிரயாணம் பண்ணலாம் என்று அங்கிருந்த டாக்டர் சொல்லிவிட்டார். ஓப்பல் மூட்டை கட்டினாள். ஹார்லன் போனில் என்னைக் கேட்டான்.

"சிவப்பன் வந்துட்டானா?"

"இன்னும் இல்ல."

"வரட்டும். அவன் போனான்னுதானே நான் வந்தேன்? அவன் வந்த அன்னைக்குச் சொல்லு, நான் கிளம்புறேன்."

வாரம் தவறாமல் கேட்டான். ஒருமுறை எனக்குப் பொறுக்கவில்லை, வந்துவிட்டது என்று சொல்லிவிடலாம் என்று வாயெடுத்தேன். அங்கே அவன் பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்த ஓப்பல் போனை வாங்கிக்கொண்டு அடுத்த அறைக்குப் போனாள்.

"வேண்டாம், வில்டா," என்றாள் மெதுவாக. "அங்க வந்து உக்காந்து தேடுவாரு."

"அப்ப நடந்ததை நீயே சொல்லிடு."

"சொன்னா செத்துருவாரு."

மே மாசக் கடைசியில் அவன் கேட்பதை நிறுத்திவிட்டான். கடைசியாகப் பேசும்போது, "தெக்க வர்ற வழியிலதான் செத்திருப்பான்," என்றான். "தங்குற ஜாதி அவன். பழக்கமில்லாத வழி. பேசாம மலையிலயே இருடான்னு சொல்ல ஆளில்லாம போச்சு." கொஞ்ச நேரம் மூச்சு வாங்கினான். "எனக்கும்தான்."

ஜூலையில், நல்ல வெயில் காலத்தில், ரோண்டா போட்ட அந்த ஜன்னலோர நாற்காலியில் செத்துப்போனான். கரண்ட் இருந்தது, மிஷின் ஓடிக்கொண்டிருந்தது. ஓப்பல் அவனை ஊருக்குக் கொண்டுவந்தாள். அடக்கம் முடிந்து எல்லோரும் சாப்பிட்டுக் கலைந்த பிறகு, அவள் சமையலறையில் மற்றவர்கள் கொண்டுவந்த பாத்திரங்களைக் கழுவிக்கொண்டிருந்தாள். நான் துடைத்தேன். மனசில் பட்டதைச் சொல்லிவிட வேண்டும் என்று தோன்றியது.

"ஒரு குளிர்காலம் அவனுக்கு வாங்கிக் கொடுத்தே, ஓப்பல். நீ செஞ்சது தப்புன்னு யாரும் சொல்ல முடியாது."

அவள் குழாயை மூடினாள்.

"நாங்க ரெண்டு பேரும் சேர்ந்து இருக்கத்தான் அதை வாங்கினேன்," என்றாள். "நவம்பர்லேருந்து அவர் பக்கத்துலயே உக்காந்திருந்தேன், வில்டா. ஒரு நாள்கூட என் பக்கம் திரும்பல. ஜன்னலையே பாத்துட்டிருந்தாரு."